நெப்டியூனுக்கு எள் விளக்கு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூங்காவில் நான் வைத்தது கோயில் இல்லை. இதை நகராண்மைக் கழகத்திடம் சொல்லிவிட்டேன். நாங்கள் குடியிருக்கும் தாமானின் வாட்ஸ்அப் குழுவில் சொல்லிவிட்டேன். பீடோங் சந்தையில் மீன் வெட்டுகிறவரிடம்கூடச் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். செதிலைச் சுரண்டி முடித்துவிட்டு, "சரிங்க டீச்சர், கும்பாபிஷேகம் எப்ப?" என்றார்.

என் பெயர் உமாராணி. பீடோங்குக்கும் செமிலிங்குக்கும் நடுவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்பது பேச்சுக்கு. கணக்கு ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லை என்றால் என் வகுப்பைத்தான் எடுத்துக்கொள்வார். மற்றபடி தேசிய தினத்துக்குக் கொடி, ஆசிரியர் தினத்துக்கு ரோஜா, டெங்கி ஒழிப்பு வாரத்துக்குக் கொசு. ஏடிஸ் கொசுவை என்னைப்போல் வரையக்கூடிய ஆள் கெடா மாநிலத்தில் வேறு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். காலில் இருக்கிற வெள்ளை வரி ஒன்றுகூடத் தப்பாது. ஆனால் இத்தனை வருடத்தில் நான் வரைந்த எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் சுவரில் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பூங்காக்களில் உள்ளூர்க் கலைஞர்களின் படைப்புகளை வைக்கப்போவதாக நகராண்மைக் கழகம் அறிவித்தது. வானம்தான் கரு. எங்கள் தாமானுக்கு நடுவில் இருக்கும் பூங்காவையும் அதில் சேர்த்திருந்தார்கள். இந்த இடமெல்லாம் முன்பு ரப்பர்த் தோட்டம். இப்போது வரிசை வீடுகள், ஒரு பூப்பந்து மைதானம், நாலு ஊஞ்சல், நடைப்பாதை. பின்னால் ஜெராய் மலை. அந்தப் பூங்காவில் நான் செய்த ஒரு பொருள் நிற்கப்போகிறது, மழை வெயில் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் நிற்கப்போகிறது என்று நினைத்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் யோசித்தது இதுதான். சூரியனைச் சுற்றும் கிரகங்களில் பக்கத்தில் இருப்பது வேகமாக ஓடும், தூரத்தில் இருப்பது மெதுவாக ஓடும். அந்த வேகத்தைச் சுரமாக்கினால் என்ன? வேகமான புதனுக்குக் குட்டைக் குழாய், கீச்சென்ற சுரம். மந்தமான நெப்டியூனுக்கு நீளக் குழாய், அடிவயிற்றுச் சுரம். தலைக்கு மேல் ஓர் இரும்பு வளையம், அதிலிருந்து தொங்கும் எட்டு எவர்சில்வர் குழாய்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சங்கிலியில் ஒரு மரச்சுத்தியல். நடுவில் சூரியனுக்குப் பித்தளைத் தகடு. யார் வேண்டுமானாலும் நடந்துகொண்டே அடிக்கலாம். வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் புதனிலிருந்து நெப்டியூன் வரைக்கும் போய்வந்துவிடலாம்.

என் கணவர் யோகேந்திரன் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை வைத்திருக்கிறார். குழாய்களை அவர்தான் அறுத்தார். சுரம் கொஞ்சம் தப்பினாலும் நான் மறுபடி அறுக்கச் சொல்வேன். "உமா, எனக்கு எல்லாம் டிங்குனுதான் கேக்குது" என்பார். ஆனாலும் அறுப்பார். கிரைண்டர் பொறியில் அவருடைய பாதிச் சட்டைகள் சல்லடையாகிவிட்டன. முடித்து நிறுத்தியபோது இரண்டு பேரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எனக்கு அப்படிப் பல் தெரிய ஒரு படம் இருந்ததே இல்லை.

திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகர் வந்தார். சூரியனை ஒரு தட்டுத் தட்டினார், படம் எடுத்தார்கள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு எல்லாரும் போய்விட்டார்கள். மற்ற எட்டையும் ஒருவர்கூடத் தொடவில்லை. மக்களுக்குப் பழக நாளாகும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மக்கள் பழகத்தான் செய்தார்கள். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் நெப்டியூன் இடுப்பில் கறுப்புத் துணி. கீழே சிமெண்டுத் தளத்தில் ஓர் அகல் விளக்கு, நல்லெண்ணெய், எள் முடிச்சு கருகிக்கொண்டிருந்தது. நடுச் சூரியனுக்கு நெற்றியில் சந்தனம் குங்குமம்.

நடுவில் சூரியன், சுற்றி எட்டு. மொத்தம் ஒன்பது. நானும் சனிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் ஒன்பது பேரையும் சுற்றி வளர்ந்தவள்தான். படம் வரைந்தேன், அளவு போட்டேன், நகராண்மைக் கழகத்தில் நின்று விளக்கம் கொடுத்தேன். இந்த மரமண்டைக்கு ஒரு தடவைகூட அது உறைக்கவில்லை.

அகலுக்குப் பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றவர் பிரேமாவதி அக்கா. எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. முன்பு இதே தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர், இப்போது டவுனில் ஒரு கிளினிக்கில் சுத்தம் செய்கிறார். தினமும் விடிந்ததும் நாலைந்து பெண்களோடு பூங்காவில் நடப்பார்.

"அக்கா, என்ன செய்றீங்க?"

"நம்ம பையன் திவாகருக்கு ஏழரைச் சனி டீச்சர். ஜோகூர்ல வேலை போயிருச்சு, போன் போட்டாலும் எடுக்க மாட்றான். அதான் சனி பகவானுக்கு ஒரு விளக்கு."

எனக்கு வந்த கோபத்தில் எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. வாயில் வந்தது இதுதான்: "அது சனியே இல்லக்கா! அது நெப்டியூன்! சனி அந்தாண்ட, ரெண்டு குழாய் தள்ளி!"

அவர் நீளக் குழாயை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ பெருசா, இவ்ளோ மந்தமா இருக்கறவரு சனியாத்தானே இருக்கணும்? சரி, விடுங்க. அவருக்கும் ஒரு விளக்குப் போட்டா என்ன கொறஞ்சிறப் போவுது?"

"இது கோயில் இல்லக்கா. இது கலை."

"கோயில்ல மட்டும் கலை இல்லையா டீச்சர்?"

கேட்டுவிட்டு அவர் நடையைக் கட்டினார். நான் குழாயை அடித்துப் பார்த்தேன். துணி கட்டிய குழாய் எப்படிக் கேட்கும்? டொக் என்றது. பெஞ்சில் தட்டினால்கூட அதைவிட நன்றாகக் கேட்கும்.

சரி, தவறு என்மேல்தான், பெயர்ப்பலகை வைக்காமல் விட்டுவிட்டேன் என்று நினைத்தேன். இது ஓர் அறிவியல் விஷயம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார்கள். மலாயிலும் தமிழிலும் பெயர் பொறித்து, சூரியனிலிருந்து எவ்வளவு தூரம், என்ன வேகம் என்று எல்லாம் எழுதி, ஒவ்வொரு குழாய்க்குக் கீழேயும் ஒரு தகடு அடித்தேன்.

நான் செய்ததிலேயே பெரிய மடத்தனம் அதுதான். அதுவரைக்கும் தடுமாறிக்கொண்டிருந்தவர்களுக்கு நானே வழி காட்டிவிட்டேன். விளக்கு நெப்டியூனைவிட்டுச் சரியாகச் சனிக்கு மாறியது. வியாழக்கிழமை வியாழனுக்கு மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும். செவ்வாய்க்குச் சிவப்புத் துணி, துவரை. வெள்ளிக்கிழமை சுக்கிரனுக்கு மொச்சை. தானியத்துக்கு மைனாக்கள் வந்தன, மைனாக்கள் குழாய்களின்மேல் உட்கார்ந்து தங்கள் காணிக்கையையும் செலுத்தின. யுரேனஸ், நெப்டியூன் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, "ராகு கேதுக்கு இங்கிலீஷ்ல பேரு போட்டிருக்காங்க" என்று ஒரு பெண் மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சந்திரன் எங்கே என்று ஒருவர் கேட்டதற்கு, பூமியிலேயே அடக்கம் என்று பிரேமாவதி அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். கைகூப்பும் படங்கள் வந்து குவிந்தன. நேரில் கெஞ்சினேன். துணிகளை நானே அவிழ்த்தேன், அடுத்த நாள் புதுத்துணி இருந்தது. ஒரு தடவை அவிழ்க்கும்போது பிரேமாவதி அக்கா பார்த்துவிட்டார். சண்டை போடவில்லை. "அது என் பிள்ளைக்குக் கட்டுனது டீச்சர்" என்றார். நான் பாதி அவிழ்த்த முடிச்சைத் திரும்பக் கட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோகேந்திரனைத் திட்டினேன். அவர் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள், கையில் கிடைத்தவர் அவர்தான்.

இத்தனைக்கும் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டத்தை விற்றபோது தோட்டக் கோயிலுக்கு மாற்று நிலமாகக் கொடுத்தது ஒரு கடைவீட்டு அளவு. அம்மன் உட்கார்ந்ததே பெரிய விஷயம், நவக்கிரகத்துக்கு இடம் இல்லை. நவக்கிரகம் இருக்கும் கோயிலுக்குச் சுங்கைப் பட்டாணிவரை போகவேண்டும் என்றால் கார் வைத்திருக்கிற யாராவது காடியில் ஏற்றிப்போக வேண்டும். வீட்டு வாசலிலேயே ஒன்பது பேர் வந்து நின்றால் யார்தான் விடுவார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, குழாய் டொக் டொக் என்றுதானே கேட்டது.

நகராண்மைக் கழகத்தின் பூங்காப் பிரிவு அதிகாரி என்சிக் அஸ்மி வந்தார். நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு முன்பே தனியாக வந்து எட்டுக் குழாயையும் தட்டிப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். கரி படிந்த தளத்தையும் துணிகளையும் பார்த்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"புவான் உமா, இது கலைப்படைப்பு என்று எனக்குத் தெரியும்" என்றார் மலாயில். "ஆனால் யாரோ இதைப் படமெடுத்து என் மேலதிகாரியின் போனுக்கு அனுப்பிவிட்டார்கள். பொது நிலத்தில் வழிபாட்டுத்தலம் என்று ஒரு வார்த்தை கோப்பில் ஏறிவிட்டால் அப்புறம் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. லோரி வரும், ஸ்டோருக்குப் போகும். அடுத்த முறை நான் வரும்போது விளக்கும் துணியும் இருக்கக்கூடாது."

ஸ்டோர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். பழைய குப்பைத்தொட்டிகளும் உடைந்த ஊஞ்சல்களும் துருப்பிடித்துக் கிடக்கிற இடம். அங்கே போனது எதுவும் திரும்பி வந்ததில்லை.

அன்று சாயங்காலம் நான் ஒரு பொய் சொன்னேன். பெண்கள் எல்லாரையும் பூங்காவில் கூட்டினேன். நகராண்மைக் கழகம், கோப்பு என்றால் அவர்கள் காதில் ஏறாது. அதனால் வேறு விதமாகச் சொன்னேன்.

"இங்க விளக்கு போடக்கூடாது. துணி கட்டக்கூடாது. தானியம் வைக்கக்கூடாது. இந்தக் கிரகங்களுக்குச் சத்தம்தான் பூசை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு தட்டு. அவ்ளோதான்."

"இது எந்தப் பொஸ்தகத்துல இருக்கு டீச்சர்?" என்று பிரேமாவதி அக்கா கேட்டார்.

"செஞ்சவ நான். எனக்குத் தெரியாதா?"

அவர் யோசித்தார். சிலை செய்தவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டல்லவா, அது எனக்கும் கிடைத்தது. "அதுவும் சரிதான்லா" என்றார். அங்கேயே துணிகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பெண் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தளத்தைத் தேய்த்துக் கழுவினார்.

மறுநாள் விடிந்ததும் நான் பள்ளிக்குப் போகும் வழியில் பூங்காவில் நின்றேன். பிரேமாவதி அக்கா முன்னால், மற்றவர்கள் பின்னால். நவக்கிரகம் சுற்றுகிற முறைப்படி வலமாகச் சுற்றினார்கள், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே. நான் குழாய்களை வரிசைப்படுத்தியிருந்தது இடமாகச் சுற்றுவதற்கு, கிரகங்கள் போகிற திசையில். இவர்கள் எதிர்த்திசையில் வந்ததால் என் இசை நெப்டியூனில் தொடங்கித் தலைகீழாக வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏழு சுற்று அப்படி. அப்புறம் ராகு கேதுவுக்காக இரண்டு சுற்று இடமாகச் சுற்றுவார்களே, அதற்காகத் திரும்பினார்கள்.

புதன். சுக்கிரன். பூமி. ஒவ்வொன்றாக இறங்கி வந்து, கடைசியில் நெப்டியூன் நடைப்பாதையே அதிர்கிற மாதிரி ஒலித்தது. நான் மனத்தில் வைத்திருந்தது அப்படியே வெளியில் கேட்டது. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. காடியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பள்ளிக்குத் தாமதமாகப் போய்த் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது கூட எனக்கு உறைக்கவில்லை.

அந்தச் சந்தோஷம் மாதக் கடைசிவரைக்கும் தாங்கவில்லை. என்சிக் அஸ்மி போன் செய்தார். குரலே சரியில்லை.

"புவான், இன்னொரு புகார். இந்த முறை எழுத்திலேயே வந்திருக்கிறது. பூங்காவில் தினமும் விடியற்காலையில் கோயில் மணி அடிக்கிறார்கள் என்று."

யார் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, தாமானில் எதுதான் ஒளிந்திருக்கிறது? பூங்காவுக்கு எதிர்வீட்டுக் குணாளன். சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை. நான் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் போய் அவர் கேட்டைத் தட்டினேன். கைலியோடு வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம் போல் சிவந்திருந்தது.

"ஏன் தம்பி, நீங்களும் நம்ம ஆளு. கோயில் மணின்னா எழுதிக் குடுப்பீங்க? அது கோயில் இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் டீச்சர்."

"பின்ன?"

"சத்தம்னு மூணு தடவ போன் பண்ணேன். பாக்கறோம்னாங்க. யாரும் வர்ல. கோயில்னு எழுதுனேன், மறுநாளே கூப்டாங்க." கேட்டில் சாய்ந்துகொண்டார். "நான் வேல முடிஞ்சி வந்து அப்பதான் படுப்பேன். படுத்தா டிங்கு டொங்குனு ஆரம்பிச்சிருவாங்க. தூங்காம மெஷின்கிட்ட நின்னா கை போயிரும் டீச்சர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"பிரேமாக்காகிட்ட சொன்னேனே. நேரத்த மாத்தி அடிங்கக்கான்னு கெஞ்சினேன். சாமி காரியம், நிறுத்தக்கூடாதுன்னுட்டாங்க. கிரகங்களுக்குச் சத்தம்தான் பூசைன்னு நீங்களே சொன்னீங்களாமே?"

நேராகப் பிரேமாவதி அக்கா வீட்டுக்குப் போனேன். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமே என்றேன். கிளினிக் திறக்கும்முன் கூட்டித் துடைக்க வேண்டும், விடிந்ததும் பேருந்து பிடித்தால்தான் உண்டு என்றார். சாயங்காலம்? சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வீட்டை விட்டுப் போகக்கூடாதாம். மெதுவாகத் தட்டக்கூடாதா என்றேன். "மெதுவாத் தட்டுனா அவங்களுக்குக் கேக்குமா டீச்சர்?" என்று வானத்தைக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "திவாகர் போன் எடுத்துட்டான். ஒரு கடையில சேந்துட்டானாம். இப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்களே" என்றார்.

நான் உண்டாக்கிய பூசையை நானே நிறுத்த முடியவில்லை. பொய் என்று சொல்லிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்சிக் அஸ்மி நேரில் வந்தார். சங்கடத்தோடு நின்றுகொண்டு இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஸ்டோர். இன்னொன்று, சுத்தியல்களைக் கழற்றிவிடுவது. ஒலி இல்லையென்றால் புகார் இல்லை, புகார் இல்லையென்றால் அது பூங்காவில் நிற்கலாம்.

"ஒலி இல்லாவிட்டாலும் பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, புவான்" என்றார் ஆறுதலாக.

துணி, விளக்கு, மைனா எச்சம், கோயில் மணி என்று எழுதிக் கொடுத்தது, எல்லாவற்றையும்விட எனக்கு அந்த ஆறுதல்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது. பல்லவியும் சரணமும் இல்லாத பாட்டை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினால் பாட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும்? ஆனாலும் தலையை ஆட்டினேன். யோகேந்திரன் சங்கிலிகளை வெட்டினார். நான் சுத்தியல்களை ஒரு கோணிப்பையில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அதைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் நடமாடினேன்.

அதற்குப் பிறகு பூங்கா வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். பள்ளிக்குச் சுற்றுப்பாதையில் போனேன். தூரத்திலிருந்து பார்த்தாலும் ஜெராய் மலையின் முன்னால் அந்தக் குழாய்கள் தொங்குவது தெரியும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் என்சிக் அஸ்மிக்குப் போன் செய்து, நானே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றேன். ஊமையாய் நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்குப் பதில், குழாயை யோகேந்திரன் யாருக்காவது கேட் அடித்துக் கொடுத்துவிடலாம். என்சிக் அஸ்மி வருத்தப்பட்டார், ஆனால் மறுக்கவில்லை. அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்திருக்கும்.

பட்டறைக்குத் தெரிந்தவரிடம் லோரி வாங்கிக்கொண்டு, சனிக்கிழமை விடிந்ததும் போனோம். பிரேமாவதி அக்காவும் மற்றவர்களும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். விளக்கு இல்லை, துணி இல்லை. கையை மார்புக்கு நேராகக் கூப்பியபடி குழாய் குழாயாக நின்று போய்க்கொண்டிருந்தார்கள்.

"லோரி எதுக்கு டீச்சர்?" என்றார் பிரேமாவதி அக்கா.

"கழட்டி எடுத்துட்டுப் போகப்போறேன்."

"ஏன்?"

"சத்தமே வராம நிக்கிறது எதுக்குக்கா? பார்க்கப் பார்க்க எரிச்சலா வருது."

"நாங்கதான் சத்தம் குடுக்குறோமே. காதுல விழலையா?"

விழவில்லை. லோரியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. யோகேந்திரன் எட்டிப் போய்ச் சாவியைத் திருப்பினார்.

அப்போது கேட்டது. உதடு பிரியாமல், மூக்கால் முனகுகிறார்கள். நெப்டியூனுக்கு நேரே வந்தபோது யாருக்கும் தொண்டை எட்டவில்லை, மூச்சு மட்டும் வந்தது. யுரேனஸ். சனி. வியாழன். அந்தந்தக் குழாய்க்கு நேரே அந்தந்தக் குழாயின் சுரம். இத்தனை நாள் தட்டித் தட்டி அது அவர்கள் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரே குணாளன் வீட்டில் சன்னல் மூடியிருந்தது, மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது; வந்து படுத்துவிட்டார். அந்த முனகல் நடைப்பாதையைத் தாண்டியிருக்காது.

வியாழனுக்கும் செவ்வாய்க்கும் நடுவில் வானத்தில் பெரிய இடைவெளி. அங்கே கிரகம் இல்லை, கற்கள்தான். அதனால் சுரத்திலும் அந்த இடத்தில் பெரிய தாவல். வளையத்திலும் அங்கே இடம் விட்டிருந்தேன். ஏன் இங்கே மட்டும் இவ்வளவு இடம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பெண்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். முனகலை நிறுத்தினார்கள். சத்தமில்லாமல் நடந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய்ச் செவ்வாயை எட்டிப் பிடித்தார்கள்.

கொஞ்சம் ஏறிப் பிடித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, செவ்வாய் ஏறிப்போச்சு. இறக்குங்க."

பிரேமாவதி அக்கா அங்கேயே நின்று இறக்கினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

"ம்."

"சுத்தியல் இருந்துச்சின்னா நேராப் பிடிச்சிருவோம் டீச்சர். இல்லாம மறந்து மறந்து போவுது" என்றார் அவர். என்னைக் குறை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பது போலத்தான் சொன்னார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எழுதிக் கொடுத்தவர்மேல், சங்கிலியை வெட்டச் சொன்னவர்மேல், கோயில் என்று ஒரு வார்த்தைக்கு மட்டும் காது கேட்கிற அந்த ஆபீஸ்மேல், நல்லபடியாகச் செய்யத் தெரியாமல் பொய் சொன்ன என்மேல். என் படைப்பைக் கடைசியில் இந்த ஐந்து பெண்கள் வாயை மூடிக்கொண்டு மறந்து மறந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மறக்க மறக்க அதுவும் போய்விடும்.

யோகேந்திரன் ஸ்பானரோடு முதல் போல்ட்டின் கீழே நின்றார். "உமா, கழட்டவா, வேணாமா? லோரிய மத்தியானத்துக்குள்ள திருப்பணும்."

"பேசாம இருங்க. கேட்டுக்கிட்டு இருக்கேன்ல."

அவர்கள் பூமியைத் தாண்டிச் சுக்கிரனுக்கு வந்திருந்தார்கள். அவர் ஸ்பானரைப் புல்லில் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.